பின்கதவுச் சுவரில் கரிக்கோடுகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

பின்கதவுக்கு வெளியே, சுவரில் இடுப்பு உயரத்தில், நான்கு கரிக்கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். பிள்ளைகள் கிறுக்கியது என்று விட்டுவிட இந்த வீட்டில் பிள்ளைகள் இல்லை. மகள் மஸ்கட்டில் இருக்கிறாள். நானும் என் மனைவி பிரமுவும்தான். அணில் கரி எடுத்துக் கோடு போடாது.

முப்பத்தொரு வருடம் நில அளவைத் துறையில் இருந்தவன் நான். எல்லைக்கல்லை இரண்டடி நகர்த்தி நட்டுவிட்டு, என் முன்னால் கைகட்டி அப்பாவியாக நின்ற எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. கோடு என்று ஒன்று இருந்தால் போட்டவனுக்கு ஒரு நோக்கம் இருக்கும். எனவே தேதியோடு குறித்து வைக்கிறேன்.

சிறுவர் வார இதழில் நான் எழுதும் ‘முதல் அடி’ தொடருக்கு அடுத்த கட்டுரை முடிந்தது. மனிதன் எண்ணக் கற்றது எப்படி? காலையில் ஆடு ஒவ்வொன்றும் பட்டியை விட்டு வெளியே போகும்போது ஒரு கூழாங்கல்லைப் பையில் போட்டான். சாயங்காலம் ஒவ்வொன்றும் திரும்பும்போது ஒரு கல்லை வெளியே எடுத்தான். பையில் கல் மிஞ்சினால் ஆடு குறைகிறது. எண்கள் பிறந்த கதை இவ்வளவுதான் என்று எழுதி, என் சொந்தக் கருத்தையும் சேர்த்தேன்: ஆட்டை முதலில் எண்ணியவன் பாசத்தால் எண்ணவில்லை, பக்கத்துப் பட்டிக்காரன் மேல் இருந்த சந்தேகத்தால் எண்ணினான்.

பிரமு பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருடம் பிழை திருத்தியவள். என் எழுத்தைச் சிவப்பு மையில் குளிப்பாட்டாமல் அவள் திருப்பித் தந்ததே கிடையாது. இன்று தாளை வாங்கினாள், பார்த்தாள், தந்தாள்.

“நல்லா இருக்கு.”

ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. காப்பியில் வேறு உப்பு.

ஆகஸ்ட் 7, வியாழன்

கோடுகள் ஆறு.

எங்கள் பொருநை நகர் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் செல்வின் ஓர் எச்சரிக்கை போட்டிருக்கிறார். திருடர்கள் பகலில் வேவு பார்க்க வந்து கேட் தூணில் அடையாளம் போட்டுவிட்டுப் போகிறார்களாம். வட்டம் போட்டால் வீட்டில் வயதானவர்கள் மட்டும். முக்கோணம் என்றால் நாய் உண்டு. வாசித்ததும் வாசலுக்கு ஓடினேன். எங்கள் தூணில், உட்பக்கமாக, கரியால் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு கோடு.

செல்வினைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், போட்டோ எடுத்தார்.

“அண்ணாச்சி, அறுபத்து நாலு வீட்டுலயும் பாத்தாச்சு. உங்க வீட்டுல மட்டுந்தான் இருக்கு. வெளியாள் வேலைன்னு எனக்குத் தோணல. உள்ள வந்து போறவங்க யாரு?”

உள்ளே வந்து போவது ஒரே ஆள்தான். பாத்திரம் தேய்த்து வீடு கூட்டும் மாடத்தி. ஆறு வருடமாக வருகிறாள். ஆறு வருடம் காத்திருந்து திருடுகிறவர்களும் உண்டு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோடுகள் ஒன்பது. பிரமுவிடம் கேட்டேன். “கோடா? எனக்கென்ன தெரியும்?” என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

சமையலறையில் இருபத்திரண்டு எவர்சில்வர் டப்பாக்கள். போன பொங்கலுக்கு நானே என் அச்சுக் கையெழுத்தில் துவரம்பருப்பு, உளுந்து, ரவை என்று சீட்டு எழுதி ஒட்டினேன். இன்று பார்த்தால் ஒவ்வொரு டப்பாவின் கழுத்திலும் நூல். சிலதில் ஒரு முடிச்சு, சிலதில் இரண்டு, கடைசித் தட்டில் ஒன்றில் ஐந்து.

“இது என்ன பிரமு?”

“எறும்பு வருதுன்னு மஞ்சநூல் கட்டினேன்.”

“முடிச்சு எதுக்கு?”

“நூலுன்னா முடிச்சுப் போடாம எப்படிக் கட்டுததாம்?”

ஐந்து முடிச்சுப் போட்டால்தான் எறும்பு பயப்படுமா? மாடத்தி வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பியதும் விளக்குமாறைத் தேடினாள். விளக்குமாறு அவள் கையிலேயே இருந்தது.

அடுத்த கட்டுரைக்கு முடிச்சைத்தான் எடுத்துக்கொண்டேன். ஏதோ மலைநாட்டில் கயிற்றில் முடிச்சுப் போட்டே ஒரு ராஜ்ஜியத்தின் கணக்கைச் சொல்லியிருக்கிறார்கள். முடிச்சின் அர்த்தம் போட்டவனுக்கும் அவன் கூட்டாளிக்கும் மட்டும்தான் தெரியும். இதை எழுதும்போது கூட்டாளி என்ற சொல்லில் பேனா நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்

கோடுகள் பன்னிரண்டு.

இன்னொன்றும் கவனிக்கிறேன். பிரமு பேப்பரை மடியில் விரித்துக்கொண்டு உட்காருகிறாள். நான் பார்த்தால் பக்கத்தைத் திருப்புகிறாள். பிறகு, “இன்னைக்கு என்ன விசேசம்? நீங்களே வாசிங்க, கேக்கேன்” என்கிறாள். கண்ணாடி பவர் மாறிவிட்டதாம். கண் டாக்டரிடம் போவோம் என்றால் அடுத்த வாரம் என்கிறாள்.

கண்ணில் கோளாறு என்று நம்பியிருப்பேன். ஆனால் இன்று மத்தியானம் அவள் நாத்தனாருக்கு, அதாவது என் தங்கைக்கு, என் கண் முன்னாலேயே இரண்டு பக்கம் கடிதம் எழுதினாள். முத்து முத்தான எழுத்து, வரி கோணவில்லை. எழுதத் தெரிகிற கண்ணுக்கு வாசிக்கத் தெரியாதா? யாரிடம் கதை விடுகிறாள்?

முடித்ததும் கடிதத்தை என்னிடம் நீட்டினாள்.

“ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்களேன்.”

“நீ எழுதினதுதானே?”

“சும்மா, உங்க வாயால கேக்கணும்போல இருக்கு.”

நாற்பது வருடத்தில் இல்லாத ஆசை. வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஒரு பொறி வைத்தேன். சக்கரத்தைப் பற்றிய கட்டுரையின் நடுவில், வேண்டுமென்றே, “உலகின் முதல் சக்கரம் சதுரமாக இருந்தது, அது மிக நன்றாக உருண்டது” என்று எழுதி அவளிடம் கொடுத்தேன். ஒற்றுப் பிழைக்கே மூக்கு சிவக்கிறவள். வரிவரியாகக் கண்ணை ஓட்டுவதுபோல ஓட்டினாள்.

“நல்லா இருக்கு.”

அப்படியென்றால் என் எழுத்தை அவள் வாசிப்பதே இல்லை. வாசிக்கத் தகுதியில்லை என்று எப்போதோ முடிவு செய்துவிட்டு, என் மனம் கோணாமல் இருக்கத் தலையாட்டுகிறாள். வலித்தது. இந்த நோட்டில் பொய் எழுதக் கூடாது, எனவே எழுதுகிறேன்: வலித்தது. வீம்புக்கு அந்த வரியை எடுக்காமல் அப்படியே தபாலில் சேர்த்துவிட்டேன்.

கோடுகள் பதினைந்து.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அவளோடு மூன்று நாளாகப் பேச்சில்லை. கோடுகள் பதினேழு.

மாத்திரைப் பெட்டியைத் திறந்தேன். என் பிரஷர் மாத்திரை அட்டையில் ஒரு சாந்துப் பொட்டு. சர்க்கரை மாத்திரை அட்டையில் இரண்டு. அவளுடைய தைராய்டு மாத்திரையில் ஒரு நீட்டுக் கோடு. இது எறும்புக்கா? டப்பாவோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். இது உயிர் விஷயம்.

மாடத்தியைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டேன்.

“கோடு, முடிச்சு, பொட்டு, எல்லாம் நீதானே?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே பிரமு நின்ற பக்கம் பார்த்தாள்.

“ஐயா, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் என்னத்தக் கண்டேன்?”

“எழுதப் படிக்கத் தெரியாதவதான் கோடும் முடிச்சும் போடுவா.”

நான் சொன்னது அவளுக்கு எங்கேயோ பட்டிருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது. பிரமு ஓடி வந்தாள்.

“ஏங்க, அவள ஒண்ணும் சொல்லாதீங்க.”

“அப்ப நீ சொல்லு.”

பிரமு வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். மாடத்தி முந்தானையைச் செருகிக்கொண்டு, “நான் வாரேன்க்கா” என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னேன். பிரமு அழுதாள். வேலைக்காரி போனதற்கு ஒருத்தி இப்படி அழுவாளா?

ஆகஸ்ட் 25, திங்கள்

கோடுகள் பத்தொன்பது. மாடத்தி வந்தே மூன்று நாளாகிறது. அப்படியென்றால் போடுவது யார்?

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்று ஒரு பெரிய துப்புரவு. டப்பா நூல்கள் அத்தனையும் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். மாத்திரைகளைப் புதுப் பெட்டிக்கு மாற்றி, என் கையெழுத்தில் பெயர் ஒட்டினேன். செல்வினிடம் சொல்லி, சங்கத்தின் பெயிண்டரை வரவழைத்துக் கேட் தூணுக்கு இரண்டு பூச்சு வெள்ளையும் அடித்தாயிற்று. வட்டம் இருந்த இடம் தெரியவில்லை. எல்லாவற்றையும் பிரமு சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தூணுக்குப் பெயிண்ட் அடித்ததை மட்டும் பார்க்கவில்லை, அப்போது குளித்துக்கொண்டிருந்தாள்.

பின்சுவர்க் கோடுகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அவை சாட்சி. இருபத்திரண்டு.

சாப்பாட்டில் ரசத்துக்குப் பதில் ஏதோ ஒன்று வந்தது. கேட்டால், “பொடி மாறிப்போச்சு” என்றாள்.

செப்டம்பர் 1, திங்கள்

இன்று எழுத மாட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

திங்கள் காலை கோடுகள் இருபத்தாறு. எண்ணிவிட்டு வந்தபோது பிரமு கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். திங்கள்தோறும் போவாள், பத்து மணிக்குள் ஷேர் ஆட்டோவில் வந்து நகர் முகப்பில் இறங்குவாள். அன்று பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். நான் தேடவில்லை. மாடத்தி வீட்டுக்குப் போயிருப்பாள், இரண்டு பேரும் கூடிப் பேசட்டும் என்று இருந்தேன். இதையும் எழுத வேண்டும்.

பன்னிரண்டேகாலுக்கு வாட்ஸ்அப் குழுவில் செல்வின் போட்டார்: ‘அவசரம். மூன்றாவது தெருவில் ஒரு பெண் ஒவ்வொரு கேட்டாகத் தடவிப் பார்க்கிறாள். முகத்தை மூடியிருக்கிறாள். அருகில் இருப்பவர்கள் போட்டோ எடுக்கவும்.’

எனக்கு வந்த உற்சாகத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எங்கள் நகரில் அறுபத்து நாலு வீடும் ஒரே அச்சு. சங்கத் தீர்மானப்படி எல்லாக் கேட்டுக்கும் ஒரே நீலம். மூன்றாவது தெருவின் கடைசியில் அவள் நின்றாள். வெயிலுக்கு முந்தானையைத் தலையோடு முகத்தில் இழுத்துப் போட்டிருந்தாள். தூணின் உட்பக்கத்தைக் கையால் தடவினாள், குனிந்து பார்த்தாள், அடுத்த கேட்டுக்குப் போனாள். நான் முதுகுப் பக்கமாக மூன்று போட்டோ எடுத்தேன். நாலாவதுக்கு அவள் திரும்பினாள்.

பிரமு.

இரண்டரை மணி நேரமாக வெயிலில் சுற்றியிருக்கிறாள். உதடு காய்ந்து வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அப்படியே அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

“நம்ம வீட்டு வட்டத்தக் காணலீங்க. ஒவ்வொண்ணா பாத்துட்டேன். யாரோ அழிச்சிட்டாங்க.”

“வீட்டு நம்பர்தான் அவ்வளவு பெருசா எழுதியிருக்கே பிரமு. முப்பத்தேழு.”

அவள் தலை குனிந்துகொண்டாள்.

“அது எனக்குத் தெரியலீங்க. எந்த எழுத்தும் தெரியல.”

வட்டத்தை அழித்தது நான்தான் என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். போன் இன்னும் போட்டோ எடுக்கத் தயாராக என் இன்னொரு கையில் இருந்தது.

வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலை பேப்பரை எடுத்தாளாம். தலை லேசாக வலித்ததாம். எழுத்தெல்லாம் எறும்புக் கூட்டம்போல இருந்ததாம். யாரோ வேற்று மொழிப் பேப்பரை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தாளாம். பயந்துபோய்ப் பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதிப் பார்த்தாளாம். கை எழுதியதாம். எழுதியதைக் கண்ணால் பார்த்தால் ஒன்றும் புரியவில்லையாம்.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“பிழை திருத்துனவ நான். எழுத்து தெரியலன்னா நான் யாருங்க?”

செப்டம்பர் 4, வியாழன்

நரம்பு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். மண்டையின் பின்பக்கத்தில் ஒரு சின்ன இடத்துக்கு ரத்தம் போகாமல் நின்றிருக்கிறது. எழுதுகிற பாதை தப்பித்துவிட்டது, வாசிக்கிற பாதை அறுந்துவிட்டது. அபூர்வம்தான், ஆனால் உண்டு, சிலருக்குப் பழகின தெருவும் வீடும்கூட அடையாளம் தெரியாமல் போகும் என்றார்.

“அன்னைக்கே வந்திருந்தா நிறையச் செஞ்சிருக்கலாம் சார். இப்ப மருந்து குடுத்து அடுத்தது வராமப் பாத்துக்கலாம். விரலால எழுத்து மேல எழுதி எழுதிப் பழகினா கொஞ்சம் திரும்பலாம். கூட இருந்தவங்க யாரும் கவனிக்கலையா?”

கவனித்தேன். ஒரு மாதம் முழுக்கத் தேதி போட்டுக் கவனித்தேன். டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாடத்தி வீட்டுக்குப் போனேன். வாசலில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

“அக்கா எங்கிட்ட வந்து அழுதாங்க. மாடத்தி, நீ எப்படி எழுத்து தெரியாம இத்தன வருசம் காலந்தள்ளுதேன்னு கேட்டாங்க. எனக்குச் சிரிப்பா வந்திச்சு, அவங்க அழுததப் பாத்து நிறுத்திக்கிட்டேன். அப்புறம் நான் செய்ததச் சொல்லிக்குடுத்தேன். எங்க வீட்டு டப்பாவுக்கு நூல் முடிச்சு. எங்க மாமியா மாத்திரைக்குப் பொட்டு. மொதமொத உங்க தெருவுக்கு வேலைக்கு வந்தப்ப எல்லா வீடும் ஒண்ணுபோல இருந்திச்சு, அப்ப நான் கேட்டுல ஒரு கரி வட்டம் போட்டு வச்சுத்தான் உங்க வீட்டக் கண்டுபிடிப்பேன். அதையுஞ் சொன்னேன்.”

“யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தா?”

“யாரு சொல்லுவா? தெரியலன்னா வேற வழி பாக்கணும்லா ஐயா.”

இந்தத் தொடருக்காக எத்தனை புத்தகம் புரட்டியிருக்கிறேன். முடிச்சு, பொட்டு, வட்டம் எல்லாம் என் வீட்டுக்குள்ளேயே ஒவ்வொன்றாகப் பிறந்துகொண்டிருந்தன. நான் கத்தரிக்கோலோடு பின்னாலேயே போயிருக்கிறேன்.

வருவாயா என்று கேட்டேன்.

“எழுதப் படிக்கத் தெரியாதவதான் இப்படிச் செய்வான்னு சொன்னீங்கள்லா? அது சரிதான். ஆனா திருட்டுக்குச் செய்யல. அக்காவுக்காக வருவேன். அந்த வட்டத்த நீங்களே போட்டு வைங்க, வாரேன்.”

சாயங்காலம் தூணின் உட்பக்கம் வட்டம் போட்டேன். முப்பத்தொரு வருடம் நிலத்தை அளந்தவன், கோணிவிட்டது. செல்வின் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, என்ன இது?” என்றார். என் வீட்டு அடையாளம் என்றேன். விஷயத்தைச் சொன்னதும் அன்று குழுவில் பலர் எடுத்துப் போட்டிருந்த பிரமுவின் போட்டோக்களை ஒவ்வொன்றாக நீக்கினார்.

செப்டம்பர் 12, வெள்ளி

இதழ் வந்துவிட்டது. ‘முதல் அடி’, ஆ. சொர்ணலிங்கம். உலகின் முதல் சக்கரம் சதுரமாக இருந்தது, அது மிக நன்றாக உருண்டது. அச்சில், தடித்த எழுத்தில், படத்தோடு. ஆசிரியருக்குப் போன் செய்தேன். “உங்க வீட்டம்மா பாத்து அனுப்புறதுதானே சார், நாங்க கை வைக்கிறதில்ல” என்றார்.

பிரமுவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“சதுரச் சக்கரமா? இதயா அச்சுக்கு அனுப்பினீங்க?”

உன்னைச் சோதிக்க வைத்தது என்று ஒப்புக்கொண்டேன். சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். கடைசியில் எது சிரிப்பு எது அழுகை என்று எனக்குத் தெரியவில்லை. இனிமேல் எல்லாவற்றையும் நான் சத்தமாக வாசிப்பது, அவள் காதால் திருத்துவது என்று ஏற்பாடு. முதல் பாராவிலேயே ஏழு பிழை சொன்னாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

டப்பாக்களுக்கு மறுபடி நூல் கட்டினோம். மாடத்தி சொல்ல, நான் முடிச்சுப் போட்டேன். ஒன்று உப்பு, இரண்டு சர்க்கரை. ஐந்து முடிச்சு ரசப்பொடி.

எல்லாவற்றுக்கும் அர்த்தம் தெரிந்துவிட்டது, ஒன்றைத் தவிர. மாடத்தி போனபிறகு பிரமுவைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கேட்டேன்.

“வட்டம் வீட்டுக்கு, முடிச்சு டப்பாவுக்கு. இந்தக் கோடு எதுக்கு?”

“அது இப்ப எதுக்கு? விடுங்க.”

“இருபத்தாறு இருக்கு பிரமு.”

“எண்ணி வச்சிருக்கீங்களாக்கும்.” சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “பல நாள் காலைல எந்திரிச்சதும், இன்னைக்கு இவங்ககிட்ட சொல்லிரணும்னு நினைப்பேன். காப்பியக் கொண்டாந்து நீட்டுவேன். நீங்க எதையாவது துப்புத் துலக்கிக்கிட்டு இருப்பீங்க. உங்க மூஞ்சியப் பாத்ததும் சொல்ல வராது. சரி, நாளைக்குன்னு இங்க வந்து ஒரு கோடு போட்டுட்டுப் போவேன். சொல்லாம விட்ட நாளு இது.”

ஒவ்வொரு கோட்டையும் நான் எண்ணியிருக்கிறேன். ஆட்டை எண்ணியவன் சந்தேகத்தால் எண்ணினான் என்று எழுதிய அன்று நான்கு.

செப்டம்பர் 15, திங்கள்

ஆட்டுக் கட்டுரைக்கும் சக்கரத்துக்கும் சேர்த்து இதழுக்குத் திருத்தம் எழுதினேன். நான் சொல்ல, பிரமு தன் கையால் எழுதினாள். எழுதி முடித்ததை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னாள்.

பிறகு பின்கதவைத் திறந்து சுவரைப் பார்த்தேன். புதுக் கோடு இல்லை. இருபத்தாறுதான். இரண்டு தடவை எண்ணினேன்.